பூனைக்கு மணி கட்டும் முன்...

ஐம்பது ரூபாய் பெல்ட் ஒன்று ஒரு பூனையின் உயிருக்கே உலை வைக்கும். எதைக் கட்டலாம், எதை இன்றைக்கே வெட்டி எறியலாம்?

ராத்திரி ஒன்றரை மணி. மாடிப்படி ஜன்னலில் ‘கிலுங் கிலுங்’ என்று மணிச் சத்தம். பக்கத்து வீட்டுப் பூனை வழக்கமாக வருகிற நேரம்தான் என்று எல்லோரும் திரும்பிப் படுக்கிறார்கள். சத்தம் நிற்கவில்லை. வேகமெடுக்கிறது. நடுவில் ஒரு கத்தல். டார்ச் அடித்துப் பார்த்தால், கிரில்லின் வளைந்த நுனியில் சிவப்பு பெல்ட் மாட்டியிருக்கிறது. பெல்ட்டில் பூனை தொங்குகிறது. பின்னங்கால்கள் சுவரைப் பிறாண்டுகின்றன, நாக்கு வெளியே தள்ளியிருக்கிறது. கிட்டே போகும் கையைக் கிழிக்கிறது. பழைய போர்வையைப் போட்டு அமுக்கிப் பிடித்து, சமையலறைக் கத்திரிக்கோலால் பெல்ட்டை வெட்டிய பிறகுதான் அது மூச்சு விடுகிறது.

யார் வீடு, எந்தத் தெரு என்று கேட்க வேண்டாம். பூனையும் கிரில்லும் இருக்கிற எந்தத் தெருவிலும் நடக்கக்கூடிய சங்கதி இது. விழித்துக்கொள்ள ஆள் இருந்தால் பூனை பிழைக்கும். இல்லாவிட்டால் காலையில் பால் பாக்கெட் எடுக்க வருகிறவர் கண்ணில்தான் படும்.

பூனைக்குக் கழுத்தில் எதையாவது கட்டிப் பார்க்கும் ஆசை மனிதனுக்குப் பழையது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் எகிப்தின் ‘கேயர்-ஆண்டர்சன் பூனை’ கி.மு. 600 வாக்கில் செய்த வெண்கலச் சிலை. அதன் கழுத்தில் வெள்ளி ஆபரணம், காதிலும் மூக்கிலும் தங்க வளையம். கடைக் கல்லாக்களில் கையசைக்கும் ஜப்பானியப் பொம்மைப் பூனைக்கும் சிவப்புப் பட்டையும் மணியும் உண்டு. சிலைக்கும் பொம்மைக்கும் பிரச்சினை இல்லை. அவை மதில் ஏறுவதில்லை.

நம் ஊரில் பூனை எலி பிடிக்க இருந்தவரைக்கும் யாரும் அதன் கழுத்தைக் கவனித்ததில்லை. வந்தது, போனது, குட்டி போட்டது. அபார்ட்மென்ட்டும் பெர்சியன் பூனையும் வந்தபோதுதான் பெல்ட்டும் வந்தது. அது பெரும்பாலும் நாய்க்காகச் செய்த பெல்ட்டின் சின்ன சைஸ். வம்பு தொடங்குவது அங்கேதான்.

பூனை குட்டி நாய் அல்ல

நாய் தரையில் நடக்கிற பிராணி. பெல்ட் எதிலாவது மாட்டினால் நின்று பின்னால் இழுக்கும், குரைத்து ஊரைக் கூட்டும். பூனை மேலே ஏறும், குதிக்கும், தலை நுழைகிற சந்தில் உடம்பையும் நுழைக்கும். மரக்கிளை, மதில் கம்பி, ஏ.சி. அவுட்டோர் யூனிட்டின் தாங்கி, தையல் மெஷின் அடிப்பக்கம், கட்டில் ஸ்பிரிங் என்று அது போகிற இடமெல்லாம் கொக்கிதான். மாட்டிக்கொண்டால் நிதானமாக நிற்காது. உடம்பை முறுக்கும், உருளும், முன்னங்காலை உள்ளே விட்டு நெம்பும். குதிக்கும்போது மாட்டினால் மூன்று நான்கு கிலோ எடை முழுவதும் கழுத்தில் விழும்.

அதனால் பூனை பெல்ட்டை அளக்க வேண்டிய அளவுகோலே வேறு. அறுந்துபோகாத பெல்ட் நாய்க்கு நல்லது. பூனைக்கு, இழுத்தால் கழன்று விழுகிற பெல்ட்தான் நல்லது. இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் மீதியெல்லாம் தானாகப் புரியும்.

பக்கிளைத் திருப்பிப் பாருங்கள்

கடையில் தொங்கும் பூனை பெல்ட்டுகளில் பாதிக்குமேல் ஸ்கூல் பேக் பக்கிள்தான் இருக்கும். ஒரு பக்கம் இரண்டு முள், மறுபக்கம் கூடு. முட்கள் கூட்டுக்குள் போய் ‘டக்’கென்று இரண்டு பக்கமும் விரிந்து உட்கார்ந்துகொள்ளும். கழற்ற வேண்டுமானால் இரண்டு விரலால் பக்கவாட்டில் அமுக்க வேண்டும். இழுத்தால் முள் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், அதற்காகச் செய்ததுதான் அது. புத்தகம் சிதறக் கூடாது என்பதற்கு அது அருமையான ஏற்பாடு. பூனைக்கு இரண்டு விரல் கிடையாது.

‘பிரேக்அவே’ என்று விற்கும் பாதுகாப்புக் காலரின் பக்கிள் வேறு மாதிரி. அதில் முட்களுக்குப் பதில் வளைவான, மழுங்கிய நாக்கு இருக்கும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் இழுத்தால் வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். விரலால் அமுக்கத் தேவையில்லை, நேராக இழுத்தாலே போதும். விலையில் பெரிய வித்தியாசமும் இல்லை. சாதா பெல்ட்டைவிட இரண்டு மூன்று மடங்கு ஆகலாம், அவ்வளவுதான். ஒரு வேளை கேட் ஃபுட் காசு.

ஆனால் அட்டையில் ‘சேஃப்டி’ என்று அச்சடித்திருப்பதை நம்பி வாங்காதீர்கள். அதே ஸ்கூல் பேக் பக்கிளை வைத்துவிட்டுப் பக்கத்தில் ஒரு இன்ச் எலாஸ்டிக் தைத்து ‘சேஃப்டி’ என்று விற்பதும் உண்டு. கடைக்காரரைக் கேட்டால் ‘எலாஸ்டிக் இருக்கே, ஒண்ணும் ஆகாது’ என்கிற பதில்தான் வரும். அவர் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார். கடையிலேயே பிரித்து இழுத்துப் பார்த்து வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கத்திரிக்காயைக்கூட அழுத்திப் பார்க்காமல் வாங்காத ஊர் இது.

[பெட்டிச் செய்தி] வீட்டிலேயே ஒரு சோதனை

பெல்ட்டைப் பூனையின் கழுத்தில் வைத்துச் சோதிக்க வேண்டாம். பூட்டி வளையமாக்கி, சுவர் ஆணியில் மாட்டுங்கள். பக்கிள் ஆணியின் மேல் படாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். ஒரு துணிப்பையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் இரண்டைப் போட்டு வளையத்தில் தொங்கவிடுங்கள். சுமார் 2 கிலோ ஆயிற்று. வளர்ந்த நாட்டுப் பூனையின் எடையே 3 கிலோ வாக்கில்தான் இருக்கும். 2 கிலோவுக்கே பக்கிள் திறந்துகொண்டால் வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது பாட்டிலைப் போட்டும் திறக்கவில்லையா? குப்பைக்கூடைதான். பழைய பெல்ட்டாக இருந்தால் பக்கிளுக்குள் மண்ணும் முடியும் அடைத்து இறுகியிருக்கும். மாதம் ஒருமுறை கழுவி மறுபடி சோதியுங்கள்.

எலாஸ்டிக் செய்யும் வேலை

சாதா பக்கிளைவிட எலாஸ்டிக் பரவாயில்லை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். மாட்டினால் நீளும், தலையை உருவிக்கொள்ளலாம் என்பது கணக்கு. கணக்கு பாதியில் நிற்கிறது. பூனை தலையை உருவுவதற்கு முன் முன்னங்காலைத்தான் உள்ளே விடும். கால் நுழையும் அளவுக்கு எலாஸ்டிக் நீளும். நுழைந்ததும் சுருங்கும். இப்போது பெல்ட் ஒரு பக்கம் கழுத்திலும் மறுபக்கம் அக்குளிலும் பூணூல் மாதிரி கிடக்கும். பூனையால் காலை வெளியே எடுக்க முடியாது. நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் அது அக்குள் தோலை அறுக்கும்.

வீட்டில் இருக்கும் பூனை என்றால் அன்றைக்கே பார்த்துவிடுவோம். ஊர் சுற்றப் போய் நாள்கணக்கில் திரும்பாத பூனைகள்தான் இந்தக் கோலத்தில் வந்து சேரும். முடி மூடியிருப்பதால் முதலில் நொண்டுவது மட்டும்தான் தெரியும். தூக்கினால் நாற்றம். அக்குளில் சதை தெரிய ஆழமான பிளவு.

இந்தப் புண் கால்நடை மருத்துவர்களுக்கே தலைவலி. பெல்ட்டை வெட்டி, சுத்தம் செய்து தையல் போட்டு அனுப்பினால் சில நாளில் தையல் பிரிந்துவிடும். மறுபடி தைத்தால் மறுபடி பிரியும். அக்குள் ஓயாமல் அசைகிற இடம். தோல் ஒரு பக்கமும் தசை ஒரு பக்கமும் வழுக்கிக்கொண்டே இருந்தால் எங்கே ஒட்டும்? மாதக்கணக்கில் ஆறாத புண்களுக்குப் பெரிய அறுவை சிகிச்சையே செய்கிறார்கள். வயிற்றுக்குள் குடலின் மேல் போர்த்தியிருக்கும் கொழுப்புச் சவ்வை ரத்த ஓட்டம் அறாமல் இழுத்து வந்து அக்குளில் பரப்பி, பக்கத்துத் தோலைத் திருப்பி மூடித் தைப்பது. அந்தச் சவ்வு புண்ணுக்குப் புது ரத்தம் கொண்டுவரும். வயிற்றைத் திறக்க வேண்டியிருக்கிறது, ஒரு பெல்ட்டுக்காக!

பிரேக்அவே காலரையும் தளர்வாகக் கட்டினால் இதே கால் நுழையும், கீழ்த்தாடையும் மாட்டும். கழுத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே ஒரு விரல் தாராளமாக, இரண்டாவது விரல் சற்றே நெருக்கிக்கொண்டு போக வேண்டும். பெர்சியன் மாதிரி புசுபுசுப் பூனை என்றால் முடியை ஒதுக்கித் தோலை ஒட்டி அளந்து பாருங்கள். கட்டிய அன்று பூனை கழுத்தை உப்பிக்கொண்டு நிற்கும், அரைமணி கழித்து மறுபடி பார்த்தால்தான் சரியான அளவு தெரியும்.

கறுப்புக் கயிறு, ரப்பர் பேண்டு

கடை பெல்ட்டாவது பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். வீட்டில் நாமே கட்டுவது அதைவிட மோசம். கண்ணேறு படக் கூடாது என்று குட்டிக்குக் கறுப்புக் கயிறு கட்டுகிறோம். பழைய சலங்கை மணியை நைலான் கயிற்றில் கோத்துக் கட்டுகிறோம். வீட்டுக் குழந்தை விளையாட்டாக ரப்பர் பேண்டை மாட்டிவிடுகிறது. அது முடிக்குள் போய்ப் புதைந்தால் யார் கண்ணிலும் படாது.

குட்டி வளரும் வேகத்தை நாம் யோசிப்பதில்லை. பிறக்கும்போது 100 கிராம் வாக்கில் இருப்பது, மாதத்துக்கு அரைக்கிலோ என்கிற கணக்கில் ஏறும். இரண்டு மாதக் குட்டிக்கு அளவாகக் கட்டிய கயிறு நான்காம் மாதம் சுருக்குக் கயிறு. கயிறு வளராது, கழுத்து வளரும். முதலில் முடி உதிரும், பிறகு தோல் அறுபடும், பிறகு தோல் கயிற்றின் மேலேயே வளர்ந்து மூடத் தொடங்கும். நம் வெயிலுக்கு ஈ மொய்க்க எத்தனை நேரம்? புழு வைத்த பிறகு தூக்கிக்கொண்டு ஓடுவோம். இது அலட்சியத்தால் மட்டும் வருவதில்லை. ஆசையாகக் கட்டியவர்களுக்கும் வரும். தினமும் கண்முன்னால் திரியும் குட்டி வளர்வது நம் கண்ணில் படாது.

ஆறு மாதம் ஆகும்வரை குட்டிக்குக் கழுத்தில் எதுவும் வேண்டாம் என்பது என் கட்சி. பழக்க வேண்டும் என்று நினைப்பவர்கள், சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் கண்ணெதிரே கட்டிக் கழற்றினால் போதும். திருஷ்டிக்குத்தான் கட்ட வேண்டுமென்றால் பூனையின் கூடையில் கட்டுங்கள்.

மணி வேண்டுமா?

பூனை எங்கே இருக்கிறது என்று தெரியும், அணிலும் குருவியும் உஷாராகும். மணி கட்ட இப்படி இரண்டு காரணம் சொல்கிறார்கள். இரண்டாவதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் 2005-இல் வெளியான ஆய்வில், வெறும் காலர் போட்ட பூனைகளைவிட மணி கட்டிய பூனைகள் வீட்டுக்குப் பிடித்து வந்த பறவைகள் 41 சதவீதமும் எலி போன்ற பிராணிகள் 34 சதவீதமும் குறைந்தன. எக்ஸெட்டர் பல்கலைக்கழகம் 2021-இல் சோதித்தபோது மணியால் சொல்லிக்கொள்ளும்படி பலன் தெரியவில்லை. அதே சோதனையில் பளீர் நிறத் துணிப்பட்டை போட்ட பூனைகள் பிடித்த பறவைகள் 42 சதவீதம் குறைந்தன. பறவைக்கு நிறம் நன்றாகத் தெரியும், விலகிவிடும். எலிக்கு அது உறைக்கவில்லை. இறைச்சி மிகுந்த தீனி கொடுத்ததும், தினம் சில நிமிடம் விளையாட்டுக் காட்டியதும்கூட வேட்டையைக் குறைத்தன.

ஆக, மணி ஒன்றும் மாயம் செய்யாது. மனிதக் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. பூனையின் காது 85,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அந்தக் காதுக்கு நாலு விரற்கடை கீழே நாள் முழுக்க கிலுகிலு வேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். கட்டுவதாக இருந்தால் கீறல் இல்லாத, மூடிய சின்ன மணியாகப் பாருங்கள். வாய் பிளந்த மணியின் கீறலில் நகம் மாட்டும். குஞ்சம், பாசிமணி, பொம்மைத் தொங்கட்டான் எதுவுமே வேண்டாம். இன்றைக்கு அழகாகத் தொங்குவது நாளைக்குப் பூனை வயிற்றுக்குள் போகும்.

நாயின் மருந்து, பூனையின் விஷம்

தெள்ளுப்பூச்சிக்கும் உண்ணிக்கும் மருந்து ஏற்றிய காலர்கள் விற்கின்றன. நாயும் பூனையும் இருக்கிற வீட்டில் நாய்க்கு வாங்கியதில் மிச்சத்தை வெட்டிப் பூனைக்குக் கட்டிவிடுவார்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

நாய்க்கான உண்ணி மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்த வேலைக்கான நொதி போதாது. மருந்து உடம்பிலேயே தங்கி நரம்பைத் தாக்கும். சில மணி நேரத்தில் காது துடிக்கும், உடம்பு நடுங்கும், எச்சில் வடியும், வலிப்பு வரும். உயிரும் போகும். சொட்டு மருந்து தடவிய நாயோடு அன்றைக்கே ஒட்டிப் படுக்கும் பூனைக்கும் இது வரலாம். உண்ணிக்காக நாயைக் குளிப்பாட்டும் அமிட்ராஸ் மருந்தும் பூனைக்கு ஆகாது.

பூனைக்கென்றே விற்கும் மருந்துக் காலரையும் மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் தனித்தனியாக விற்கும் பெயர்பெற்ற ஒரு காலரைப் பற்றி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்கு 75,000-க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்து, 2021-இல் விவகாரம் வெடித்தது. எல்லாமே காலரால் வந்த கேடு என்று சொல்லிவிட முடியாது. முகமையும் ஆராய்ந்துவிட்டு 2023-இல் கூடுதல் நிபந்தனைகளோடு விற்பனையை அனுமதித்தது. நமக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒரு விஷயம் உண்டு. சில மாதம் கழுத்திலேயே கிடக்கப்போகிற மருந்து அது. கட்டிய முதல் வாரம் தினமும் காலரைத் தூக்கித் தோலைப் பாருங்கள். சிவந்திருந்தாலோ பூனை சோர்ந்திருந்தாலோ கழற்றிவிடுங்கள்.

[பெட்டிச் செய்தி] நடுக்கம் கண்டால்

காலரைக் கழற்றுங்கள். மருந்து தோலில் பட்டிருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து கழுவித் துடையுங்கள். சுடுநீர் வேண்டாம். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பால் ஊற்றாதீர்கள். மருந்தின் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சென்னைவாசிகளுக்கு வேப்பேரி தெரியும், 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அது.

பின்னே எதற்குத்தான் பெல்ட்?

இவ்வளவு வம்பு இருக்கும்போது பெல்ட்டே வேண்டாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வெளியே போகவே வழியில்லாத வீட்டுப் பூனைக்குக் கழுத்து சும்மா இருந்தால் குறைந்துபோக ஒன்றுமில்லை.

ஆனால் ‘வெளியே போகவே போகாது’ என்பதை எத்தனை தூரம் நம்பலாம்? அமெரிக்காவில் தொலைந்த பூனையைத் தேடியவர்களில் 41 சதவீதம் பேர், தங்கள் பூனை வீட்டைத் தாண்டாத பூனை என்றுதான் சொன்னார்கள். கியாஸ் சிலிண்டர் வரும்போது கதவு திறந்திருக்கும். வீடு மாற்றுகிற அன்று எல்லாக் கதவும் திறந்திருக்கும். தீபாவளி ராத்திரி ஆயிரம்வாலா வெடிக்கும்போது நான்கு வருடம் வாசல்படி தாண்டாத பூனைகூட மொட்டைமாடி வழியாக மறைந்துவிடும். தெருவுக்கு வந்துவிட்டால் அதுவும் ஒரு தெருப்பூனைதான். யார் வீட்டுத் திண்ணையில் ஒண்டினாலும் விரட்டுவார்கள், அல்லது பால் வைத்துத் தத்தெடுத்துவிடுவார்கள். கழுத்தில் ஒரு பெல்ட்டும் அதில் பத்து இலக்கமும் இருந்தால் அந்த வீட்டிலிருந்து ஒரு போன் வரும்.

பெல்ட்டின் உண்மையான வேலை அந்தப் பத்து இலக்கத்தைச் சுமப்பதுதான். அதற்குத் தொங்கும் வில்லைகூடத் தேவையில்லை. வெளிர் நிறத் துணிப்பட்டையில் அழியாத மார்க்கர் பேனாவால் எழுதினால் போதும், தையற்கடையில் எம்பிராய்டரி போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. பூனையின் பெயர் வேண்டாம், போன் நம்பர் போதும்.

[பெட்டிச் செய்தி] 538 பூனைகள்

ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிண்டா லார்ட் குழுவினர் 538 பூனைகளுக்குச் சாதா பக்கிள், பிரேக்அவே, எலாஸ்டிக் என மூன்று வகைக் காலர்களைப் பிரித்து மாட்டி 6 மாதம் கவனித்தார்கள். முடிவு 2010-இல் வெளியானது. 72.7 சதவீதப் பூனைகள் கடைசிவரை காலரோடு இருந்தன. 18 பூனைகளுக்கு, அதாவது 3.3 சதவீதத்துக்கு, முன்னங்காலோ வாயோ காலரில் மாட்டியது, அல்லது காலர் வேறு எதிலாவது சிக்கியது. சின்ன எண் போலத் தெரியும். 30 பூனை வளரும் குடியிருப்பில் அரையாண்டுக்கு ஒரு பூனை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கழன்றுவிட்டால்?

பிரேக்அவே பற்றி எல்லோரும் சொல்லும் புகார் ஒன்றே. தொலைந்துபோகிறது. வேலியில் மாட்டிக் கழன்ற பெல்ட் வேலியில் கிடக்கும், பூனை வெறுங்கழுத்தோடு வரும். காசு போச்சே என்று அடுத்த முறை கெட்டி பக்கிளாகப் பார்த்து வாங்குகிறார்கள். இதைவிடத் தலைகீழான முடிவு கிடையாது. பெல்ட் தொலைந்தது என்றால், கெட்டி பக்கிளாக இருந்திருந்தால் பூனை அங்கே தொங்கியிருக்கும் என்று அர்த்தம். இரண்டு மூன்றாக வாங்கி வையுங்கள். நம்பர் எழுதி அலமாரியில் போட்டு வையுங்கள்.

பெல்ட் கழன்ற பிறகும் பூனை யாருடையது என்று சொல்ல மைக்ரோசிப் இருக்கிறது. அரிசி அளவு சிப், 15 இலக்க எண், தோலுக்கடியில் ஊசியால் செலுத்திவிடுவார்கள். அது இருக்கும் இடத்தைக் காட்டாது, இந்த மயக்கம் பலருக்கு உண்டு. ஸ்கேனரைக் கிட்டே கொண்டுபோனால் எண்ணைச் சொல்லும், அவ்வளவே. அமெரிக்கக் காப்பகங்களுக்கு வந்த பூனைகளில் பொதுவாக 2 சதவீதம்கூட வீடு திரும்பவில்லை, சிப் இருந்தவற்றில் 38.5 சதவீதம் திரும்பின என்கிறது 2009-இல் வந்த லார்டின் இன்னொரு ஆய்வு. இங்கிலாந்து 2024 ஜூன் 10 முதல் வளர்ப்புப் பூனைக்கு சிப்பைக் கட்டாயமாக்கிவிட்டது, தவறினால் 500 பவுண்டு வரை அபராதம். அங்கே சட்டம் கேட்டது சிப்பைத்தான், காலரை அல்ல. நம் ஊரில் சிப்பைப் படிக்கும் ஸ்கேனர் எல்லா கிளினிக்கிலும் இருக்காது. தெருவில் பூனையைக் கண்டெடுப்பவர் கையிலும் இருக்காது. அதனால் இரண்டும் வேண்டும்.

இருக்கும் இடம் தெரிய ஜிபிஎஸ் கருவி மாட்டுகிறவர்கள் எடையைப் பாருங்கள். நியூசிலாந்தின் டுனடினில் நடந்த ஆய்வில் (2014), உடல் எடையில் 3 சதவீதக் கருவியைச் சுமந்த பூனைகள் சுற்றும் பரப்பு சுருங்கியது. 2 சதவீதத்துக்குள் நிறுத்துவது நல்லது. இரண்டரைக் கிலோ நாட்டுப் பூனைக்கு 50 கிராம். கருவி விலை அதிகம் என்பதற்காகக் கழலாத பட்டையில் மாட்டினால் கருவி பத்திரமாக இருக்கும், பூனை இருக்காது. கயிறு பிடித்து வாக்கிங் அழைத்துப் போகிறவர்கள் மார்போடு சேர்த்துக் கட்டும் ஹார்னஸ் வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றிவிடுங்கள்.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் பூனை பக்கத்தில் படுத்திருந்தால், அதன் கழுத்தில் இருப்பதைக் கழற்றி இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். திறந்துகொண்டால் நம்பரை எழுதி மறுபடி கட்டுங்கள். திறக்கவில்லை என்றால், புது பெல்ட் வாங்கி வரும்வரை வெறுங்கழுத்தோடு விடுங்கள்.